விசா முடிந்துவிட்டது, ஐ-20 இருக்கிறது: தங்கை கல்யாணத்துக்குப் போய்த் திரும்ப முடியுமா?

ஆறாம்_வருடம்

வணக்கம். அமெரிக்காவில் வேதியியல் பிஎச்டி, ஆறாவது வருடம். வரும்போது கொடுத்த ஐந்து வருட எஃப்-1 மாணவர் விசா இந்தக் கோடையில் முடிந்துவிட்டது. பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்றான ஐ-20ஐ நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த ஆகஸ்ட் வரை இருக்கிறது. பாஸ்போர்ட்டையும் இங்கேயே புதுப்பித்துவிட்டேன். கார்த்திகைக் கடைசியில் தங்கைக்குக் கல்யாணம். போகாமல் இருந்தால் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ரூம்மேட், "விசா முடிஞ்ச நாள்லருந்து நீ இல்லீகல்டா" என்று பீதியைக் கிளப்புகிறான். லேப் சீனியர், "மெக்சிகோவுக்கு ரெண்டு நாள் போயிட்டு வா, விசா தானா புதுசாயிடும்" என்கிறார். ஊரில் டிராவல் ஏஜெண்ட், "டிராப்பாக்ஸ்ல போட்டுடலாம் சார், இன்டர்வியூவே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி? ஜனவரி நடுவில் நான் கற்பித்தல் உதவியாளராக (டிஏ) எடுக்கும் வகுப்பு ஆரம்பம். மே மாதம் டிஃபென்ஸ் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு), அப்புறம் ஓபிடி, அதாவது படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கும் அனுமதி, போடுவதாக உத்தேசம்.

டெக்சாஸ்_மச்சி

முதலில் அந்த ரூம்மேட்டின் வாயை மூடுங்கள். விசா வாசலோடு சரி. உள்ளே வந்தபிறகு நீங்கள் எதுவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவு. எல்லைச் சோதனைத் துறையான சிபிபியின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் வந்துவிடும். வகை எஃப்-1 என்றும், தேதி இருக்க வேண்டிய இடத்தில் டி/எஸ் என்றும் இருந்தால், படிப்பு முறையாகத் தொடரும்வரை இருக்கலாம். ஐ-20 நடப்பில் இருக்கிறது, முழுநேரப் பதிவு இருக்கிறது, அனுமதி இல்லாத வேலை எதுவும் பார்க்கவில்லை என்றால் விசா முடிந்ததற்காக யாரும் உங்களை ஒன்றும் கேட்க முடியாது. நாட்டை விட்டு வெளியே போனால்தான் திரும்பி வரப் புது விசா வேண்டும்.

ஒரு விஷயம். டி/எஸ்ஸை எடுத்துவிட்டு அதிகபட்சம் 4 வருடம் என்று தேதி குறித்துவிடலாம் என 2025 ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு வரைவு விதி வெளியிட்டது. அதனால் உங்கள் ஐ-94இல் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு தடவை உள்ளே வந்ததும் நீங்களே எடுத்துப் பாருங்கள்.

குமரிமுனை

மச்சி சொன்னது சரி. அடுத்து ஐ-20. இரண்டாம் பக்கத்தில் கீழே பயணக் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் விவகாரம் பார்க்கும் அதிகாரி (டிஎஸ்ஓ) அதில் கையெழுத்திட்டு ஒரு வருடத்துக்குள் நீங்கள் திரும்பி வர வேண்டும். ஓபிடியில் இருப்பவர்களுக்கு ஆறு மாதம்தான். கவனிக்க வேண்டியது திரும்பி வரும் தேதி, கிளம்பும் தேதி இல்லை. பலர் கிளம்பும்போது கணக்குப் பார்த்து, "இன்னும் ரெண்டு வாரம் இருக்கே" என்று போய்விடுகிறார்கள்.

ஐ-20ஐ நீட்டித்தபோது புது ஐ-20 கொடுத்திருப்பார்கள். இப்போது பெரும்பாலும் பிடிஎஃப்பாக மின்னஞ்சலில்தான் வருகிறது. அதை அச்செடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தையும் போடுங்கள். முதல் பக்கக் கையெழுத்து இல்லாத ஐ-20ஐ நீட்டுபவர்கள் நிறைய. பழைய ஐ-20கள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கையோடு வையுங்கள்.

செவிஸ் எண் (அரசின் மாணவர் பதிவேட்டில் உங்கள் எண்) மாறாமல் படிப்பு தொடர்கிறது என்றால் அந்த 350 டாலர் ஐ-901 கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. பழைய ரசீதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய_மாணவன்

எதற்கு இவ்வளவு பயம்? 2023இல் நான் டிராப்பாக்ஸில் போட்டேன். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், விசாவோடு வந்தது. இன்டர்வியூ கிடையாது. ஏஜெண்ட் சொல்வது சரிதான்.

நெறியாளர்_கயல்

2023 கதையை இப்போது யாரும் நம்பிப் போக வேண்டாம். 2025 செப்டம்பர் 2 முதல் எஃப்-1 உள்பட கிட்டத்தட்ட எல்லா வகைக்கும் நேர்காணல் கட்டாயம் என்று வெளியுறவுத் துறை மாற்றிவிட்டது. அதே பிரிவில் விசா புதுப்பிப்பதாக இருந்தாலும் மாணவர்களுக்கு விலக்கு இல்லை. சில நாட்களில் இன்னொரு அறிவிப்பும் வந்தது: சொந்த நாட்டிலோ சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று. ஆகவே போகிற வழியில் வேறொரு நாட்டில் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வாங்குவது) முடித்துக்கொள்ளும் பழைய உத்தியும் போச்சு.

ஆறாம்_வருடம், உங்களுக்கு டிஎஸ்-160 என்ற இணைய விண்ணப்பம், 185 டாலர் கட்டணம், கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று இரண்டு அப்பாயின்ட்மெண்ட். சென்னையில் ஸ்லாட் இல்லையென்றால் ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தாவையும் பாருங்கள். 2025 ஜூனிலிருந்து எஃப், எம், ஜே ஆகிய மாணவர், பரிமாற்ற விசா விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். டிஎஸ்-160இல் கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களைக் கேட்பார்கள். மறந்துபோன பழைய கணக்கு ஏதாவது கிடக்கிறதா என்று முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்.

மெல்லினம்

வேதியியல் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது 221(ஜி). நேர்காணல் நன்றாகத்தான் போகும். முடிவில் ஒரு தாளைக் கையில் கொடுத்து, "கூடுதல் பரிசீலனை தேவை" என்று அனுப்பிவிடுவார்கள். வேதியியல், அணு இயற்பியல், விண்வெளி, செமிகண்டக்டர், நுண்ணுயிரியல் மாதிரித் துறைகளில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சிலருக்குச் சில வாரத்தில் முடியும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். இத்தனை நாளில் முடித்துத் தர வேண்டும் என்று எந்தக் கெடுவும் இல்லை.

போகும்போதே இவற்றைத் தயார் செய்துகொண்டு போங்கள்: உங்கள் ஆராய்ச்சி என்ன, அது எதற்குப் பயன்படும் என்று கைடு எழுதிய கடிதம், உங்கள் சிவி, வெளியான கட்டுரைகளின் பட்டியல், வேதியியல் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு பக்க ஆராய்ச்சிச் சுருக்கம். கேட்டால் அன்றைக்கே கொடுக்கலாம். கேட்ட பிறகு கைடுக்கு மின்னஞ்சல் போட்டு, அவர் ஏதோ மாநாட்டில் இருந்து பதில் வராமல் அல்லாடுகிற நிலை வேண்டாம். என் லேபில் ஒருத்தி அப்படித்தான் மாட்டினாள். அவள் ஆய்வு துணிச்சாயம் பற்றி. கடிதத்தில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் பாதிக் கேள்வி குறைந்திருக்கும்.

ஆறாம்_வருடம்

மெல்லினம் அக்கா, வயிற்றைக் கலக்குகிறது. அப்போ மெக்சிகோ யோசனை?

டெக்சாஸ்_மச்சி

அது பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

தானியங்கி மறு அனுமதி என்று ஒரு விதி இருக்கிறது, கூட்டாட்சி விதித்தொகுப்பு 22இல் 41.112(டி). 30 நாள் அல்லது அதற்குக் குறைவாகக் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் வந்தால், விசா முடிந்திருந்தாலும் உள்ளே விடலாம். எஃப், ஜே மாணவர்களுக்குக் கியூபா நீங்கலாகப் பக்கத்துத் தீவுகளும் சேர்த்தி. ஐ-94 நடப்பில் இருக்க வேண்டும், ஐ-20 சரியாக இருக்க வேண்டும், முடிந்துபோன விசா உள்ள பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஈரான் மாதிரிச் சில நாட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

உங்கள் சீனியர் கவனிக்காத இடம்: இதனால் விசா புதுசாகாது. முடிந்த விசா முடிந்ததுதான். அந்தப் பயணத்துக்கு மட்டும் கதவைத் திறந்து விடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் வர முடியாது. அந்தப் பயணத்தின்போது அங்கே புது விசாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டால் இந்த விதி உங்களுக்கு இல்லை. விசா மறுத்துவிட்டாலோ இழுத்தடித்தாலோ அங்கிருந்து நேராக ஊருக்குத்தான்.

இன்னொரு கண்ணி. இந்தியப் பாஸ்போர்ட்காரர் மெக்சிகோவுக்குத் தனி விசா இல்லாமல் போகலாம் என்பது நடப்பில் உள்ள அமெரிக்க விசா கையில் இருப்பவர்களுக்கு. உங்களுடையது முடிந்துவிட்டது. ஆக மெக்சிகோ விசா தனியாக எடுக்க வேண்டும். கனடாவுக்கு எப்படியும் வேண்டும்.

யாழ்நதி

இதோட நான் ஒரு விசயம் சொல்லோணும். ஆக்கள் ரெண்டு பக்கத்து வீசாவை மட்டும் பாக்கிறினம், நடுவில மாறுற நாட்டை மறந்துபோகினம். என்னட்ட இலங்கைப் பாஸ்போட். ஷெங்கன் நாடுகளின்ர விமான நிலையத்தில வெளிய வராமல் விமானம் மாறிறதுக்கே எங்களுக்கு ட்ரான்சிட் வீசா வேணும். செல்லுபடியான அமெரிக்க வீசா இருந்தால் அது தேவையில்லை. அமெரிக்க வீசா முடிஞ்சிட்டுதோ, அந்தச் சலுகையில சிக்கல் வரலாம்.

நான் கொழும்புக்குப் போகேக்க செக்-இன் கவுண்டரில நடந்தது இதுதான். அந்தப் பிள்ளை என்ர பாஸ்போட்டை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டிப் பாத்தது. வீசாப் பக்கத்தில விரலை வைச்சுக்கொண்டு திரையைப் பாத்தது, திரும்ப வீசாவைப் பாத்தது. பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டது. "நீங்கள் வீட்டுக்குத்தானே போறியள், ஆனால் நடுவில மாறேலாது" எண்டு சொல்லிப்போட்டினம். பெட்டியளோட திரும்பி, வளைகுடாப் பக்கமாப் போற டிக்கெட் புதுசா எடுத்தன். பழைய டிக்கெட் காசை அந்த விமான நிறுவனம் தரவே இல்லை.

இந்தியாக்காரருக்கு நாட்டுக்கு நாடு விதி வேற, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் போட முன்னம் விமான நிறுவனத்திட்ட பயண ஆவண விதியளைக் காட்டுற டிமாடிக்கில பாத்துச் சொல்லச் சொல்லி எழுத்தில கேளுங்கோ. கவுண்டரில இருக்கிற ஆள் பாக்கிறதும் அதைத்தான். ஆவணம் சரியில்லாத ஆளை ஏத்தினால் அபராதம் அவையளுக்கு, அதால சந்தேகம் வந்தால் ஏத்த மாட்டினம். கனடா வழியா மாறுறதெண்டாலும் பெரும்பாலும் வீசா கேப்பினம், கவனம்.

குமரிமுனை

யாழ்நதி சொன்னது தங்கம். ஒன்று சேர்க்கிறேன்: திரும்பும்போது அபுதாபி வழி வந்தால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். சிபிபி அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இணைப்பு விமானத்துக்கு நடுவில் நேரம் தாராளமாக இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

புதுமாப்பிள்ளை

இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். நான் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டேன், ஓபிடி விண்ணப்பம் போட்டு ரசீது வந்திருக்கிறது, ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை வரவில்லை. இப்போது ஊருக்குப் போகலாமா?

மெல்லினம்

விதிப்படி போகலாம். ரசீது, ஆறு மாதத்துக்குள் கையெழுத்திட்ட ஐ-20, நடப்பில் உள்ள விசா மூன்றும் வேண்டும். ஆனால் நீங்கள் வெளியே இருக்கும்போது ஓபிடி ஒப்புதல் ஆகிவிட்டால், திரும்பும்போது ஈஏடி அட்டையையும் வேலைக்கான கடிதத்தையும் கேட்பார்கள். அட்டை இங்கே உங்கள் அபார்ட்மெண்ட் தபால் பெட்டியில் கிடக்கும், நீங்கள் ஊரில் இருப்பீர்கள். ஒப்புதலுக்குப் பிறகு வேலை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது சந்தேகம்தான். வேலை இல்லாத 90 நாள் கணக்கும், வெளியே இருக்கிறீர்கள் என்பதற்காக நிற்காது.

ஓபிடி போடாமலே படிப்பு முடிந்தபின் வரும் 60 நாளில் ஊருக்குப் போய்விட்டு மிச்ச நாளுக்குத் திரும்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. அந்த 60 நாள் மூட்டை கட்டுவதற்கு, போய் வருவதற்கு இல்லை.

டெக்சாஸ்_மச்சி

கூடவே, எச்-1பி வேலை விசாக் குலுக்கலில் பெயர் விழுந்து ஸ்டேட்டஸ் மாற்றம் நிலுவையில் இருப்பவர்கள் அசையாதீர்கள். முடிவு வரும் முன் வெளியே போனால் ஸ்டேட்டஸ் மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் போட்ட எச்-1பி மனு மட்டும் செல்லும். முன்பெல்லாம் "சரி, ஊரில் ஸ்டாம்பிங் பண்ணிக்கிட்டு வரலாம்" என்று விட்டுவிடுவோம். 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்த பிறகு கதை வேறு. உள்ளே இருந்தபடி ஸ்டேட்டஸ் மாறுபவர்களுக்கு அந்தத் தொகை இல்லை என்று அக்டோபரில் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ் விளக்கம் கொடுத்தது. முடிவுக்கு முன் கிளம்பிவிட்டால் அந்த விலக்கு கிடைக்காது. வக்கீலைக் கேட்காமல் விமான நிலையம் பக்கமே போக வேண்டாம்.

அம்மாவும்_ஆய்வாளரும்

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு: எஃப்-2 குடும்ப விசாவில் இருக்கும் கணவன், மனைவி, குழந்தை ஒவ்வொருவருக்கும் தனி ஐ-20. கையெழுத்தும் தனித்தனி. இங்கே பிறந்த குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், அதோடு இந்தியா போக இந்திய விசாவோ ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டையோ. எல்லாவற்றையும் நமக்குப் பார்த்துவிட்டு குழந்தைக்கு மறந்துபோகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

கொங்குத்தம்பி

நான் நேராகவே சொல்கிறேன். போகாதீங்க. ஆறு வருட உழைப்பு, டிஃபென்ஸுக்கு ஆறு மாதம்கூட இல்லை. 221(ஜி)யில் மாட்டினால் என்ன செய்வீர்கள்? கல்யாணத்தை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். தங்கைக்குப் புரியும்.

மெல்லினம்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, தம்பி. கல்யாணத்தை ஒரு பக்கம் வையுங்கள். இவர் அடுத்த வருடம் ஓபிடிக்குப் போகிறார். அப்போதும் விசா முடிந்துதான் இருக்கும். ஓபிடியில் இருந்துகொண்டு எஃப்-1 விசா புதுப்பிக்கப் போவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான நேரம். படிப்பு முடிந்துவிட்டது, வேலை பார்க்கிறீர்கள், அப்படியானால் ஏன் மாணவர் விசா, ஊருக்குத் திரும்புவீர்கள் என்று எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்பார். இப்போது போனால் பதிலே வேறு: படித்துக்கொண்டிருக்கிறேன், உதவித்தொகை வருகிறது, மே மாதம் டிஃபென்ஸ், இதோ கைடு கடிதம். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பும் சேர்த்தால் ஓபிடி மூன்று வருடம். அத்தனை நாளும் ஊர்ப்பக்கம் போகாமல் இருக்க முடியுமா? அம்மா அப்பாவுக்கு ஒன்று என்றால்? எப்படியும் ஒரு நாள் அந்த வரிசையில் நின்றாக வேண்டும் என்றால், மாணவனாக இருக்கும்போதே நிற்பது நல்லது.

ஆனால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை இங்கேயே முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும். செமஸ்டர் ஆரம்பத்துக்குள் வர முடியாவிட்டால் டிஎஸ்ஓவிடம் அன்றைக்கே சொல்லுங்கள், செவிஸ் பதிவை என்ன செய்வது என்பதை அவர் பார்ப்பார். வெளியே இருப்பது ஐந்து மாதத்தைத் தாண்டினால் பழைய பதிவோடு திரும்ப முடியாமல் போகலாம். புது ஐ-20, புது செவிஸ் கட்டணம், எல்லாம் முதலிலிருந்து. டிஏ சம்பளம் இந்தியாவில் இருந்துகொண்டு வாங்க முடியுமா என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள், பெரும்பாலும் முடியாது. தீசிஸ் தரவு எல்லாம் லேப் கணினியில் மட்டும் இருக்கிறதா? ஒரு பிரதி கையில் இருந்தால் ஊரில் உட்கார்ந்தாவது எழுதலாம்.

நெறியாளர்_கயல்

சின்ன வழக்கு ஏதாவது இருந்தாலும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைது ஆனவர்களின் விசாவை, வழக்கு தள்ளுபடி ஆன பிறகும் ரத்து செய்திருக்கிறார்கள். தகவல் டிஎஸ்-160இல் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். பழைய கல்லூரி மின்னஞ்சலாக இருந்தால் உங்களுக்கே தெரியாது. அப்படி ஏதும் இருந்தால் நீதிமன்றத்தின் இறுதி உத்தரவுப் பிரதியோடும் வக்கீல் ஆலோசனையோடும் போங்கள்.

கொங்குத்தம்பி

சரி அக்கா, ஓபிடி கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஸ்லாட் உறுதியாகாமல் டிக்கெட் போட வேண்டாம் என்பதில் நான் மாற மாட்டேன்.

குமரிமுனை

திரும்பி வரும் இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டும் ஐ-20யும் கேட்பார்கள். எங்கே படிக்கிறாய், எந்த வருடம், எதற்குப் போனாய், அவ்வளவுதான் பெரும்பாலும். சந்தேகம் வந்தால் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள். அங்கே செல்போன் பயன்படுத்தவும் விட மாட்டார்கள், அதனால் டிஎஸ்ஓ எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். போன், லேப்டாப்பைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு.

ஐ-20 கையில் இல்லை, பயணக் கையெழுத்து காலாவதி என்பது மாதிரி குறை இருந்தால், சில நேரம் ஐ-515ஏ என்று ஒரு படிவம் கொடுத்து 30 நாளுக்கு உள்ளே விடுவார்கள். அந்த 30 நாளுக்குள் டிஎஸ்ஓ மூலம் விடுபட்ட ஆவணத்தை அனுப்ப வேண்டும். "அதான் உள்ளே விட்டுட்டாங்களே" என்று அதை மடித்து மேசையில் போட்டால் ஸ்டேட்டஸே போய்விடும். ஆவணங்களைச் செக்-இன் பெட்டியில் வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கைப்பையில் வையுங்கள்.

ஆறாம்_வருடம்

எல்லோருக்கும் நன்றி. டிஎஸ்ஓவைப் பார்த்தேன். புதுக் கையெழுத்து போட்டுக் கொடுத்தார், உதவித்தொகைக் கடிதமும் வாங்கிவிட்டேன். கைடிடம் நடந்ததைச் சொன்னேன். மாட்டிக்கொண்டால் டிஏ வகுப்பை வேறொருவருக்கு மாற்றுகிறேன், நீ தீசிஸை எழுது என்றார். கடிதமும் தருகிறார். ஏஜெண்டிடம் டிராப்பாக்ஸ் கிடையாது என்றேன், "அப்படியா சார், மாறிடுச்சா" என்கிறார்.

சென்னையில் ஸ்லாட் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் காட்டுகிறது. ஹைதராபாத்தில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒன்று இருக்கிறது. எதை எடுக்க?

மெல்லினம்

ஹைதராபாத். கல்யாண வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும், அம்மா திட்டுவார்கள், பரவாயில்லை. பரிசீலனையில் போட்டாலும் ஜனவரிக்குள் முடிய அந்த ஒன்றிரண்டு வாரம் உதவும்.

டெக்சாஸ்_மச்சி

ஹைதராபாத்தே எடுங்கள். விசா ஒட்டித் திரும்பி வந்ததும் பெயர், பிறந்த தேதி, செவிஸ் எண்ணை ஐ-20யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அங்கே இருக்கும்போதே திருத்தச் சொல்ல வேண்டும். பழைய பாஸ்போர்ட்டையும் மறக்காமல் நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள், முந்தைய விசா அதில்தானே இருக்கிறது.

ஆறாம்_வருடம்

ஹைதராபாத் போட்டுவிட்டேன். விமானம் அபுதாபி வழி.